சம்பா வயலுக்கு எந்த எரு? தொழுவுரம், ஆட்டுக்கிடை, தக்கைப்பூண்டு, வைக்கோல்: ஓர் ஒப்பீடு

காவிரிப் படுகையில் சம்பா அறுவடையும் அதையொட்டிய உளுந்தும் முடிந்த பின், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 வரை வயல் சும்மா கிடக்கும் இரண்டரை மாதங்களில்தான் அடுத்த சாகுபடிக்கான எருவைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி எரு வாங்கி அடிப்பதா, ஆட்டு மந்தைக்காரரான கீதாரியிடம் சொல்லிவைத்து, ஆடுகளை இரவில் வயலில் அடைக்கும் கிடை போடுவதா, தண்ணீர் வந்ததும் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து மடக்கி உழுவதா, வைக்கோலை விற்காமல் வயலிலேயே விடுவதா, அல்லது இவை எதுவும் வேண்டாமென்று கூட்டுறவுச் சங்கத்தில் யூரியாவும் டி.ஏ.பி.யும் எடுத்துப் போட்டுவிடுவதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. எல்லாவற்றையும் செய்யப் பெரும்பாலோரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எனவே எதற்கு முன்னுரிமை என்பதை வயலின் நிலையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். 'இயற்கையா, ரசாயனமா' என்று மேடையில் நடக்கும் வாதம் இந்தத் தீர்மானத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வயலுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று சத்துக் கணக்கு: இந்தப் பருவத்தில் பயிர் எடுக்கப்போகும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), அவற்றோடு துத்தநாகம், கந்தகம் போன்றவை. மற்றொன்று கரிமக் கணக்கு: மண்ணில் தங்கி, களியைப் பொலபொலப்பாக்கி, போட்ட சத்தைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களுக்கு இரையாகும் அங்ககப் பொருள். முதல் கணக்கு நான்கு மாதத்தில் நேராகும். இரண்டாவது நேராகப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஓர் எரு ஒரு கணக்கில் நிறைய வரவு வைத்து, மற்றதில் ஏறக்குறைய ஒன்றுமே வைக்காமல் போகலாம். எருக்களைப் பற்றிய பெரும்பாலான ஏமாற்றங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

கரிமக் கணக்கு எவ்வளவு மெதுவானது என்பதைக் கூட்டிப் பார்த்தால் தெரியும். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழிருந்தால் குறைவு என்றும், 0.75-க்கு மேலிருந்தால் அதிகம் என்றும் குறிக்கிறார்கள். அதை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணில் நிலைத்துத் தங்க வேண்டும். பரிந்துரைக்கப்படும் 5 டன் தொழுவுரத்தில் பாதி ஈரம். மீதி இரண்டரை டன்னில் கரிமம் 600 முதல் 800 கிலோ. அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். நம் வெயிலுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஆக, ஒரு முறை எரு அடித்துவிட்டு அடுத்த ஆண்டு அட்டையில் எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது வீண்வேலை. ஆண்டுதோறும் விடாமல் போட்டால் ஏழெட்டு ஆண்டுகளில் மெல்ல நகரும்; நிறுத்தினால் அதைவிட வேகமாக இறங்கும்.

முதலில், எருவே வேண்டாம், உரம் மட்டும் போதும் என்ற வழியை எடுத்துக்கொள்வோம். டெல்டா நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. ஏக்கருக்கு 60:20:20 என்று கொள்ளலாம். வேப்பெண்ணெய் பூசிய யூரியா 45 கிலோ மூட்டை ஏறத்தாழ 267 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்கு முடிகிறது. மானியத்தால் கிடைக்கும் இந்த விலையோடு எந்த எருவும் போட்டி போட முடியாது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நல்லது. சத்துக் கணக்கு மட்டும்தான் கேள்வி என்றால் பதில் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் மலிவே இதன் வினையும் ஆகிறது. யூரியா மலிவு, சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் விலை அதிகம், துத்தநாகம் தனியாக வாங்க வேண்டும் என்பதால், நடைமுறையில் 60:20:20 என்பது 80:25:0 என்றாகிவிடுகிறது. தூற்றிய இரண்டாம் நாளே பயிர் பசுமை காட்டுவதால் யூரியாவின் மேல் நம்பிக்கை கூடுகிறது. அப்படிக் கூடின பசுமையைத் தேடித்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன. தேங்கிய நீரில், கார நிலத்தில் தூற்றிய யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் பயிருக்குப் போகிறது. மீதி அம்மோனியாவாகவும் வேறு வாயுக்களாகவும் கழிந்துவிடுகிறது. மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி.யை ஆண்டுதோறும் அடியுரமாகப் போட்டுவரும் வயல்களில் மணிச்சத்து சேர்ந்துகொண்டே போய், துத்தநாகத்தைப் பயிர் எடுக்க விடாமல் செய்யும். நடவான மூன்றாம் வாரத்தில் இளம் இலையின் அடிப்பகுதி நடு நரம்போரம் வெளுத்து, கீழிலைகளில் துருப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது துத்தநாகக் குறைதான். அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி இன்னொரு மூட்டை யூரியா தூற்றுவதைப் பரவலாகப் பார்க்கலாம்.

உரம் மட்டுமே போட்டால் நிலம் கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு நீண்ட நாள் சோதனைகளிடம் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருவிடல் சோதனை நாட்டிலேயே பழமையானவற்றுள் ஒன்று. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970-71 முதல் பல மாநிலங்களில் நடத்திவரும் தொடர் உரச் சோதனைகளும் உள்ளன. பொதுவாக அவற்றில் தெரிவது இதுதான்: தழைச்சத்தை மட்டும் தொடர்ந்து போட்ட பாத்திகளில் விளைச்சல் காலப்போக்கில் சரிந்தது, மூன்று சத்துக்களையும் அளவாகப் போட்ட பாத்திகள் தாக்குப்பிடித்தன, அதே அளவோடு தொழுவுரமும் சேர்ந்த பாத்திகளே மேலான, நிலையான விளைச்சலைத் தந்தன. ஆகவே நிலத்தைக் கெடுத்ததாக யாரையாவது குறை சொல்ல வேண்டுமானால், 'ரசாயனம்' என்று மொத்தமாகச் சொல்வதைவிடச் சமநிலை இழந்த யூரியா என்று குறிப்பாகச் சொல்வதே நியாயம்.

அடுத்து தொழுவுரம். கரிமக் கணக்குக்கு இதைவிட நல்ல பொருள் எளிதில் கிடைக்காது. மக்கிய நிலையில் வருவதால் தழைச்சத்தைப் பயிரிடமிருந்து பிடுங்காது. துத்தநாகம் முதலிய நுண்சத்துக்களும் கொஞ்சம் கொஞ்சம் அதில் உண்டு. நல்ல தொழுவுரத்தில் தழைச்சத்து 0.5, மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5 சதவீதம் என்று பொதுவாகக் கொள்வார்கள். 5 டன்னுக்கு 25:10:25 கிலோ வருகிறது. தழைச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும், அதாவது எட்டு கிலோ. இந்த எட்டு கிலோவை மட்டும் எண்ணி வண்டிக்கூலியோடு வகுத்துப் பார்த்தால் தொழுவுரம் கட்டுப்படியாகாத சரக்காகத் தோன்றும். அந்த வகுத்தல் தவறு, ஏனெனில் பணத்தில் பெரும்பங்கு கரிமத்துக்கும் பின்வரும் பருவங்களுக்கும் போகிறது.

உண்மையான சிக்கல் கிடைப்பதில்தான் இருக்கிறது. உழவு மாடு போய் டிராக்டர் வந்த பின் டெல்டாவில் வீட்டுக்கு வீடு எருக்குழி இருந்த காலம் முடிந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் டிரெய்லர் எருவில் பாதி மண்ணாகவும், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து சத்து வடிந்ததாகவும், கோரைக் கிழங்கும் களை விதையும் கலந்ததாகவும் இருப்பதுண்டு. வாங்குமுன் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பார்க்கலாம். கறுத்து, உதிரியாக, மண் வாசனையோடு இருந்தால் மக்கியது. வெளிறி, நாரும் சாணிக் கட்டியும் தனித்தனியாகத் தெரிந்து, மூக்கில் ஏறும் நெடியடித்தால் இன்னும் இரண்டு மாதம் நிழலில் குவித்துவைக்க வேண்டியது. வயலில் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் விடும் பழக்கத்தால் இருக்கும் தழைச்சத்தும் காற்றோடு போகிறது. கொட்டினால் அன்றே கலைத்து உழுதுவிட வேண்டும்.

ஆட்டுக்கிடைக்கு இந்தச் சுமக்கும் தொல்லை இல்லை. அறுவடை முடிந்த மாசி முதல் தண்ணீர் வரும் வரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவில் ஊர் ஊராகக் கிடை அமர்த்துகிறார்கள். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவது இதன் தனிச்சிறப்பு; மாட்டுத் தொழுவத்தில் வீணாகப் போகும் பகுதி இங்கே வயலுக்கே வந்துவிடுகிறது. ஆட்டெருவில் தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 சதவீதம் அளவில் இருக்கும். எனவே இது சத்துக் கணக்குக்கு விரைந்து உதவும். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான். ஆனால் கிடை எடுத்த மறுநாளே மேலாக ஓர் உழவு ஓட்டாவிட்டால், ஏப்ரல் வெயிலில் மூத்திரத்தின் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கிடை போட்டதும் உழவுக்கு டிராக்டர் கிடைக்காமல் பத்து நாள் காய விடுகிறவர்கள், கீதாரிக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்குத்தான் பலன் அடைகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. இரவுக்கு இரவு பட்டியை நகர்த்தி வயல் முழுதும் சமமாகப் பரப்புவதைக் கூடவே நின்று பார்க்கவும் வேண்டும். இல்லையென்றால் ஒரு மூலையில் பயிர் தழைத்துச் சாய, மறு மூலை வெளிறிக் கிடக்கும்.

தக்கைப்பூண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40 முதல் 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் 8 முதல் 10 டன் பச்சைத் தழையும், அதன்வழி 30 முதல் 40 கிலோ தழைச்சத்தும் கிடைக்கும். இது ஒன்றரை முதல் இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். இதில் ஒரு பங்கு காற்றிலிருந்து வேர் முடிச்சுகள் பிடித்தது. மறு பங்கு மண்ணிலேயே இருந்து திரும்பி வருவது. மடக்குமுன் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாகவோ வெளுப்பாகவோ இருந்தால் அது காற்றிலிருந்து பெரிதாக எதையும் பிடிக்கவில்லை. அப்போது யூரியாவைக் குறைப்பதில் நிதானம் வேண்டும். நெல்லுக்கான மணிச்சத்தைத் தக்கைப்பூண்டுக்கே முதலில் இட்டுவிடும் வழக்கம் நல்லது, ஏனெனில் முடிச்சு கட்ட மணிச்சத்து தேவை; செடி எடுத்துக்கொண்டதை மடக்கியபின் நெல்லுக்கே திருப்பித் தந்துவிடும்.

விதை கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உழவுக்கூலியைச் சேர்க்காமலே ஒரு கிலோ தழைச்சத்து 50, 60 ரூபாயாகிறது. யூரியாவோடு ஒப்பிட நான்கு மடங்கு. மாநில அரசு 2024-25 முதல் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதையை மானியத்தில் கொடுத்துவருவதால் இடைவெளி குறைகிறது. மானியம் இல்லாவிட்டாலும், உவர் களர் சாயலுள்ள வயல்களில் தக்கைப்பூண்டு செய்யும் வேலையை யூரியா செய்யாது: களரையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கி வளர்ந்து, மடக்கியபின் மண்ணின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

அதே சமயம் தக்கைப்பூண்டு கரிமத்தைக் கூட்டிவிடும் என்று நம்புவோருக்கு ஏமாற்றம்தான். இளம் தழையும் மென் தண்டும் சேற்றுத் தொழியில் இரண்டே வாரத்தில் அழுகிக் கரைந்துவிடும்; தழைச்சத்தைத் தருவது எவ்வளவு விரைவோ அவ்வளவு விரைவாகக் கரிமமும் கழிந்துபோகும். சரி, முற்றவிட்டு மடக்கினால் கரிமம் கூடுமே என்றால், 60 நாளில் தண்டு நாராகி ரோட்டவேட்டர் அச்சில் சுற்றிக்கொள்ளும், மக்க நாளாகும், நடவு தள்ளிப்போகும். எனவே இதைச் சத்துக் கணக்கின் நண்பன் என்றே கொள்ள வேண்டும். மற்ற பசுந்தாள் செடிகளில், நீர் நிற்காத மேட்டு வயலுக்குச் சணப்பு ஏற்றது. தண்ணீரே இல்லாத கோடையில் கொளிஞ்சிதான் கைகொடுக்கும். கொளிஞ்சியை மாடுகள் அவ்வளவாக மேய்வதில்லை. விதைத்தோல் கடினமானது என்பதால் மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும். ஒருமுறை வயலில் பிடித்துவிட்டால் உதிர்ந்த விதையே அடுத்த கோடைக்கு முளைக்கும்.

வைக்கோல் பற்றிய முடிவை டெல்டாவில் இன்று விவசாயி எடுப்பதாகச் சொல்ல முடியாது. அறுவடை இயந்திரமும் அதன் பின்னாலேயே வரும் கட்டு கட்டும் இயந்திரமும் எடுத்துவிடுகின்றன. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைந்தால் பயிர் மொத்தமாக எடுப்பது ஏறத்தாழ 45 கிலோ தழைச்சத்து, 15 முதல் 20 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து. இதில் மணிச்சத்தின் பெரும்பகுதி நெல்மணியோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. சாம்பல்சத்து அப்படியில்லை, பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வைக்கோலில்தான் தங்குகிறது. வைக்கோலின் எடையில் 1.4 முதல் 2 சதவீதம் சாம்பல்சத்து. இரண்டு டன் வைக்கோலைக் கட்டி லாரியில் ஏற்றினால் 28 முதல் 40 கிலோ சாம்பல்சத்து, ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷ், வயலை விட்டுப் போகிறது. வைக்கோலுக்குக் கிடைத்த பணத்திலிருந்து ஒரு மூட்டை பொட்டாஷ் விலையைக் கழித்துவிட்டு மிஞ்சுவதையே லாபமாக எண்ண வேண்டும். களிமண்ணில் சாம்பல்சத்து இருப்பு இருப்பதால் சில ஆண்டுகளுக்கு இந்தக் கழிவு வெளியே தெரியாது. ஒரு வறண்ட பருவத்தில் பயிர் சாய்ந்தோ பதர் கூடியோ காட்டிக்கொடுக்கும்.

வயலில் விட்டுவிடுவது மட்டும் எளிதா என்றால் அதுவும் இல்லை. இயந்திரம் வரிசையாகக் கொட்டிச் செல்லும் வைக்கோலுக்கு அடியில் உளுந்து மூச்சுத் திணறி வெளுத்துப் போகும். உளுந்துப் பயிரின் வருமானம் சிறிதல்ல. அதைக் காக்க வைக்கோலைக் கலைத்தோ அகற்றியோ ஆக வேண்டும். ஜூனில் தொடங்கும் குறுகிய காலக் குறுவை முடிந்து, அதே வயலில் அடுத்த நெல்லான தாளடிக்குத் தாள் மடக்கி உழும்போது வேறு தொல்லை. வைக்கோலில் கரிமமும் தழைச்சத்தும் 80-க்கு 1 என்ற அளவில் இருப்பதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். தொழியில் அமிலங்கள் ஊறி இளவேரைச் சுடும். மீத்தேன் குமிழி விடும். மடக்கி உழுத மூன்றாம் நாளே நட்டால் பயிர் மஞ்சளித்து நிற்பது இதனால்தான். இரண்டு, மூன்று வாரம் இடைவெளி இருந்தால் பெரிய குறை நேராது. ஆனால் குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில் அவ்வளவு நாள் பெரும்பாலான ஆண்டுகளில் கிடைப்பதில்லை. கொளுத்திவிடுவதோ எல்லாவற்றிலும் மோசம்: தழைச்சத்து முழுதும், மணிச்சத்தில் கால் பங்கும், சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் புகையாகப் போகும், கரிமம் மிஞ்சவே மிஞ்சாது.

என் கணிப்பில், இயந்திரத்தை ஓரடி உயர்த்தி அறுத்து, அடித்தாளை வயலிலேயே விட்டு, மேல் வைக்கோலை மாட்டுக்கு எடுப்பது இரு பக்கமும் நியாயமான வழி. உளுந்தும் தப்பும், பாதிச் சாம்பல்சத்தும் வயலில் நிற்கும். நின்ற தாள் கோடை உழவில் மண்ணோடு கலந்து ஜூனுக்குள் ஓரளவு நொறுங்கிவிடும்.

மண்புழு உரத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தரமான பொருள்தான்; நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் ஏற்றது. நெல் வயலுக்கு ஏக்கர்க் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் போட அது கட்டுப்படியாகாது. வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீதத்துக்குச் சற்று மேல். யூரியாவோடு கலந்து இட்டால் சத்து மெதுவாக வெளிவரும். ஜீவாமிர்தத்தைப் பொறுத்தவரை, 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு என்ற அளவில் தயாரித்தால், அத்தனையும் சேர்த்துத் தழைச்சத்து கால் கிலோவைச் சுற்றித்தான் வரும். நுண்ணுயிர்களைத் தூண்டுகிறது என்ற வாதத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்; 45 கிலோ தழைச்சத்து கேட்கும் பயிருக்கு அதைச் சத்துக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

உரத்தை அறவே விட்டுவிடுவது என்ற வழிக்கும் இடம் உண்டு, ஆனால் எல்லா வயலுக்கும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற உயரமான பாரம்பரிய நெல்லுக்குத் தழைச்சத்து கூடினாலே சாய்ந்துவிடும். அவற்றுக்குக் கிடையும் தக்கைப்பூண்டும் போதும், விலையும் கூடுதலாகக் கிடைக்கிறது. சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தைப் போட்டுக் கொள்முதல் நிலையத்தில் பொது விலைக்கு விற்பவருக்கு அந்த விலைத் துணை கிடையாது. அக்கரையில் இலங்கை 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடைசெய்து, அந்த ஆண்டு முடியுமுன்பே தடையை விலக்க நேர்ந்தது. மாற்று எரு தயாராகாத நிலையில், மண்ணின் கரிமம் உயர்வதற்கு முன்பே சத்துக் கணக்கை மூடியதால் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது. ஒரு நாட்டுக்கு நேர்ந்தது ஒரு வேலி (ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்துக்கும் நேரும். மாற விரும்புகிறவர் முதலில் ஒன்றிரண்டு மா (ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் மட்டும் தொடங்கி, எரு வளம் கூடக் கூட உரத்தைக் குறைத்துக்கொண்டு போவதே விவேகம்.

இவற்றை வயலோடு பொருத்திப் பார்த்தால் முடிவு ஊருக்கு ஊர் மாறும். சம்பா ஒன்றே போடும், ஆனி முதல் வாரங்களிலேயே வாய்க்காலில் தண்ணீர் எட்டும் வயலுக்குத் தக்கைப்பூண்டுதான் முதல் தேர்வு. ஆகஸ்டுக்குள் மடக்கி, பத்து நாள் விட்டு நடவுக்குப் போய்விடலாம். கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கே கோடை மழைக்குக் கொளிஞ்சியும், மாசி முதல் கிடையும் நம்பத்தக்கவை. நேரடி விதைப்பு செய்பவர்கள் நெல் வரிசைகளுக்கிடையில் தக்கைப்பூண்டை வளர்த்து, கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியால் அமுக்கிவிடும் முறையையும் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றை வைத்துக் குறுவையும் தாளடியும் எடுப்பவர்தான் மண்ணை அதிகம் கறப்பவர். இடைவெளியும் அவருக்கே குறைவு. அவர் கோடையில் கிடையோ தொழுவுரமோ தவறாமல் போட்டு, வைக்கோலில் பாதியையாவது விட்டு, பொட்டாஷையும் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டையும் நிறுத்தாமல் இருக்க வேண்டும். துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு சேர்க்காமல், மணலில் கலந்து தனியாகத் தூவ வேண்டும். நீர் தேங்கும் கார வயலில் எருவை மிகுதியாகக் கொட்டினாலும் துத்தநாகக் குறை முற்றும் என்பதால், எரு போட்டோமே என்று இதை விட்டுவிடக் கூடாது.

குத்தகைக்காரரின் நிலை வேறு. அடுத்த ஆண்டு அந்த வயல் யார் கையில் இருக்கும் என்று தெரியாதவரிடம் ஏழு ஆண்டுக் கரிமக் கணக்கைப் பேசுவது நியாயமில்லை. போட்ட பருவத்திலேயே பலன் தரும் தக்கைப்பூண்டும் கிடையும் அவருக்குப் பொருந்தும்; தொழுவுரச் செலவை ஏற்க வேண்டியவர் நிலத்துக்காரர். குத்தகை பேசும்போது எருவுக்கென ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. அப்படிப் பேசிக்கொள்பவர்கள் அரிது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், எரு போட்ட ஆண்டில் உரத்தைக் குறைக்காமல் இருந்தால் பாதிப் பயன் வீண். தக்கைப்பூண்டு நன்றாக விளைந்து மடக்கிய வயலில் அடியுர யூரியாவை விட்டுவிடலாம். பிறகு நடவான இரண்டாம் வாரம் முதல் வாரம் ஒருமுறை, இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையைப் பார்த்து, நிறம் 4-க்குக் கீழ் இறங்கும்போது மட்டும் மேலுரம் கொடுக்க வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3 போதும். நம் உடம்பின் நிழலில் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேர் வெயிலில் எல்லா இலையும் வெளுத்தே தெரியும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இலையைப் பார்த்துச் சொல்ல முடியாதவை; அதற்கு மண் பரிசோதனைதான் வழி. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கரிமம், கார அமில நிலை, துத்தநாகம் உட்படப் பன்னிரண்டு விவரங்கள் வருகின்றன. ஆனால் அட்டையின் தரம் மாதிரி எடுத்தவரின் தரம்தான்: வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் மடை ஆகியவற்றை விட்டு, வயல் முழுதும் பத்துப் பதினைந்து இடங்களில் V வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீவிய மண்ணை ஒன்றாக்கி, நான்காகப் பகுத்துக் குறைத்து அரைக் கிலோ எடுக்க வேண்டும். உளுந்து எடுத்த பிறகு, எருவோ கிடையோ விழுவதற்கு முன்னால் எடுப்பதே சரியான நேரம். கிடை போட்ட மறுவாரம் எடுத்த மாதிரி ஆட்டு மூத்திரத்தின் கணக்கைச் சொல்லுமே தவிர நிலத்தின் கணக்கைச் சொல்லாது.